எண்ணெய் போடாத பேரிங்

அம்மாடி,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். நேற்றுதான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். நன்றாக இல்லை, தெரிகிறது. சரியாகத் தூங்காத கண். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் உம் கொட்டுகிறேன். நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து உனக்கு மீட்டிங் வந்துவிடும். குற்றம் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனை வைத்துவிடுகிறேன். வருகிற மாதம் வந்து அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறேன், முடிவு பண்ணிவிட்டேன் என்றாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில் என்று வைத்துக்கொள். வாஷிங் மிஷினைப் பற்றி நிறைய வரும். அப்பனுக்கு வேறு எதைப் பற்றித்தான் பேசத் தெரியும், பொறுத்துக்கொண்டு படி.

அது நம் வீட்டுக்கு வந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பெட்ஷீட் துவைத்துக்கொண்டிருந்த மிஷின். லாட்ஜ் கைமாறியபோது பழைய கட்டில்களோடு அதையும் வெளியே போட்டார்கள். மீன்பாடி வண்டியில் ஏற்றி, பிள்ளையார்பாளையம் வரைக்கும் நானே பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. துவைக்கிற கல் இருக்கும்போது இவனுக்கு என்ன துரைத்தனம் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். உன் அம்மாவின் விரல் நுனிக்காக வாங்கினேன் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கம். உன்னிடம் சொல்ல என்ன. அவள் அப்போது தறிக்காரர்கள் வீட்டுக்குப் பாவு புணைக்கப் போய்க்கொண்டிருந்தாள். தறியில் நீளவாட்டில் கட்டிய ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் பழைய இழைகளை முழுசாக உருவிப் போட்டுவிடமாட்டார்கள். ஒரு சாண் அளவுக்கு நுனியைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் பட்டிழைகளை அந்த நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதுதான் புணைப்பது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் செய்வாள். துணி சோப்பில் கை ஊறினால் விரல் நுனி வெடிக்கும். வெடித்த விரலில் பட்டு மாட்டும், இழை அறுந்துபோகும். சில வாரம் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் வாலாஜாபாத்தில் ரைஸ் மில் ஃபிட்டர். ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

உனக்கு அதன் கண்ணாடிக் கதவு ஞாபகம் இருக்கும். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். உன் சாக்ஸ் கண்ணாடிக்கு வரும்போதெல்லாம் கத்துவாய். அடுப்படியிலிருந்து அம்மா சோறு ஆறுது என்று கத்துவாள். மூன்றாவதாக மிஷினும் கத்தும். அந்த வீட்டில் பேசாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு மறதி வந்த பிறகு வீட்டில் என்னென்ன நின்றுபோனது என்று உனக்குத் தெரியும். காஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள், சமையலை நான் வாங்கிக்கொண்டேன். கடைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று அங்கேயே நின்றாள், கடையும் போயிற்று. உன்னையே சில நாள் அவள் தங்கச்சி பெயரில் கூப்பிடுகிறாள், நீயும் பாவம், சரி என்று அதற்கே பதில் சொல்கிறாய். ஆனால் துணி மட்டும் நிற்கவில்லை. காலையில் டீ குடித்ததும் எழுந்து போய் அழுக்குத் துணியைச் சேர்ப்பாள். உள்ளே திணித்து, கதவை இடுப்பால் இடித்துச் சாத்துவாள். மிஷினின் குமிழைத் திருப்பும்போது டக் டக் என்ற சத்தத்தை எண்ணிக்கொண்டே எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே சரியாக நிறுத்துவாள். பிறகு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஓடி முடிந்ததும் எடுத்து உதறி, துண்டுகளின் ஓரத்து நூலை விரலால் முறுக்கி முறுக்கிவிட்டுக் கொடியில் போடுவாள். அந்த ஒரு மணி நேரம் அவள் என் பெண்டாட்டி. மற்ற நேரம் யாரோ. நீ புது மிஷின் அனுப்புகிறேன் என்றபோதெல்லாம் நான் வேண்டாம் வேண்டாம் என்றது கஞ்சத்தனத்தால் இல்லை, வறட்டுப் பிடிவாதத்தாலும் இல்லை. சரி, கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஆனால் வீட்டில் எதையும் மாற்றாதீர்கள், பழகிய சாமான் பழகிய இடத்தில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதை நான் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷினுக்கோ வயதாகிவிட்டது. துணி சுற்றுகிற டிரம்மின் பின்னால் ஒரு ஷாஃப்ட் உண்டு. அது சுற்றுவதற்கு இரண்டு பேரிங், உள்ளே குண்டு வைத்த இரும்பு வளையங்கள். டிரம் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் முன்னால் ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். சீல் தேய்ந்தால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் பேரிங் துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் சத்தம். முதலில் முனகியது. பிறகு உறுமியது. கடைசியில் துணி பிழிகிற நேரத்தில் தெருமுனை வரை கேட்டது. பக்கத்து வீட்டுக் கோமளா கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னாண்ணா, வாலாஜாபாத் மில்ல ஊட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று கேட்டாள். நீயும் போனில், "என்னப்பா அது, ஹெலிகாப்டர் இறங்குதா? அந்த சத்தத்துல அம்மா பாவம்பா" என்றாய். இன்றைக்கு நாளைக்கு என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

மிஷின் அந்த உறுமலோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அம்மா காணாமல் போனாள். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்திருப்பாய். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், முக்காலி காலி. வாசல் கதவு திறந்திருக்கிறது. ஈர வேட்டியோடு ஒரு பக்கம் நான் ஓட, கோமளா இன்னொரு பக்கம் ஓடினாள். ஓரிக்கை ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, போலீசுக்குப் போகலாமா என்று கேட்கத் திரும்பி வந்தால், அவள் வீட்டுக்குள் துணியை உதறிக்கொண்டு நிற்கிறாள். எங்கேடி போனே என்று கத்திவிட்டேன். அவள் என்னை ஒரு முறை முறைத்து, "மிஷினு சுத்திக்கினு இருக்குது, துணி எடுக்க வரமாட்டாங்களா?" என்றாள். வந்தாளே என்ற நிம்மதியில் எனக்கு மூளை அங்கேயே நின்றுவிட்டது. எப்படி வந்தாள் என்று யோசிக்கவே இல்லை.

பிறகுதான் அவள் வழுக்கி விழுந்தது. சீல் வழியாகக் கசிந்த தண்ணீர் முக்காலிக்கு அடியில் தேங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை, அந்த மட்டும் தப்பித்தோம், ஆனால் இடுப்பில் கன்றிப்போய்க் கருத்துவிட்டது. நீ அதைப் போனில் பார்த்துவிட்டு அழுதாய், பிறகு கோபப்பட்டாய். "ஒண்ணு அந்த மிஷின் வெளிய போகணும், இல்ல அம்மா என்கூட வரணும். நீங்களே சொல்லுங்கப்பா" என்றாய். நியாயம்தான். பெற்றவளை அந்த நிறத்தில் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் வருகிற கோபம்தான். மிஷினைச் சரிபண்ணிக் காட்டுகிறேன், சொட்டுத் தண்ணீர் வெளியே வராது, அதற்குப் பிறகு பேசு என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவளை என்னோடு வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது எனக்கு அவ்வளவு தைரியம் வந்தது, சிரிக்காதே.

பேரிங் கிடைப்பதில் தொல்லை இல்லை, நம்பரைச் சொன்னால் எந்த ஊரிலும் எடுத்துக் கொடுப்பார்கள். சீல்தான் ஆட்டிவைத்தது. அந்த மாடலைச் செய்தவர்களே அதை மறந்திருப்பார்கள். பழைய சீலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வாலாஜாபாத்தில் ஒரு பம்ப்செட் சாமான் கடையில் அதே அளவு கிடைத்தது. மேல்மூடியைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து, ஆட்டம் அடங்க உள்ளே வைத்திருக்கும் சிமெண்ட் கல் பாரத்தை இறக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. டிரம்மைச் சுற்றி இருக்கும் தொட்டியை வெளியே எடுக்கக் கோமளாவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தொட்டி இரண்டாகப் பிரிந்தது, டிரம் வெளியே வந்தது. பேரிங் மட்டும் வரமாட்டேன் என்றது. பேரிங்கின் துருவும் அதைப் பிடித்திருந்த அலுமினியமும் ஒன்றாகிவிட்டிருந்தன. வெந்நீரை ஊற்றி, எண்ணெயை விட்டுக் காத்திருந்து, இரும்புக் கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து நான் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன பேரிங் உடைந்து குண்டு குண்டாகச் சிதறியது. பெரியது முழுசாக வந்தது. காயலான் கடைக்கு என்று அதை ஒரு பக்கம் தூக்கிப் போட்டேன்.

புது பேரிங்கைக் குளிரவைத்து இறக்கினால் சுலபமாக உட்காரும். ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். மறுநாள் காலை நான் போட்ட டீயோடு ஒரு தட்டில் அது என் முன்னால் வந்தது, பக்கத்தில் நான் அரைத்து வைத்த சட்னியும் கொஞ்சம். நடுவில் ஓட்டையோடு வட்டமாக இருக்கிறது, வடை என்று அம்மா நினைத்துவிட்டாள். "சூடா இருக்குதுங்க, சாப்புடுங்க" என்றாள். ஐஸாக இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவளும் ஏன் என்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் அழுகை மட்டும்தான் மிஞ்சும்.

சட்னியைத் துடைத்துவிட்டு பேரிங்கை இறக்கினேன். ஷாஃப்டை எமரி பேப்பரால் தேய்த்து, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் பூட்டினேன். இன்னொன்றும் செய்தேன். மில்லில் ஒரு மிஷினைத் திறந்தால், எது எது ஆடுகிறதோ அத்தனையையும் மாற்றிவிட்டுத்தான் மூடுவேன், அது என் பழக்கம். பெல்ட், ரப்பர், ஸ்பிரிங் எல்லாம் புதுசு போட்டேன். சுவிட்சைப் போட்டேன். ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. பிழிகிற நேரத்தில்கூடத் தண்ணீர் அலம்புகிற சத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. கீழே தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. அப்போதே உன்னைப் போனில் கூப்பிட்டுக் காட்டினேன். "சூப்பர்பா! ஆன்லதான் இருக்கா?" என்றாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சரிப்பா, அம்மா அங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம் என்று நீ சொன்னதும் அப்போதுதான்.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டு அம்மா எழுந்திருக்கவில்லை. துணி சேர்க்கவில்லையா என்றேன். என்னைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். நானே துணியைப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முக்காலியில் உட்காரவைத்தேன். விருந்தாளி வீட்டில் உட்காருவதைப் போல நுனியில் உட்கார்ந்தாள். மிஷின் சுற்றியது, கண்ணாடியில் துணி வந்து வந்து போனது. கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "நேரமாவுது, ஊட்டுக்குப் போறேன்" என்றாள். இதுதான் வீடு என்றேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கு முழுக்க வாசற்படியிலேயே நின்றாள். தெருவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்து, இதோ வீடு வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே ஒரு காலை வைத்தாள், காதைக் கொடுத்துக் கேட்டாள், காலை எடுத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். வேலை தெரிந்தவன் என்ற திமிரெல்லாம் போய், குமிழை நான் திருப்பிக் காட்டினேன், கதவை நான் இடுப்பால் இடித்துக் காட்டினேன். என்னைப் பார்த்து அவள் கேட்டாள்:

"அண்ணா, எங்க ஊட்டு மிஷினு எங்கண்ணா? எங்களது கத்தும். எங்கிருந்தாலும் அதைக் கேட்டுக்கினே வந்துருவேன்."

கட்டினவனை அண்ணா என்று கூப்பிட்டாள் அம்மாடி. எத்தனையோ நாள் என்னை அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறாள், ஆனால் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. நான் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தேன். அன்றைக்கு அவள் எப்படித் திரும்பி வந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் தொல்லை என்று நினைத்தது, நீ பாவம் என்று சொன்னது, கோமளா கிண்டல் பண்ணியது, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் கசிவதை நிறுத்தாமல் விட்டிருக்க முடியாது. சீலை மட்டும் மாற்றிவிட்டு பேரிங்கை விட்டிருக்கலாம். எந்த ஃபிட்டரும் அப்படிச் செய்யமாட்டான், தேய்ந்த பேரிங் புது சீலைத் தின்றுவிடும். ஆனால் பாவு புணைக்கிறவள் அப்படித்தான் செய்திருப்பாள். ஒரு சாண் பழசை விட்டுவைத்திருப்பாள். இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் இருந்தும் அவள் வேலையிலிருந்து நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை. உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வயதானவர்கள் வீட்டில் எதையாவது சரிபண்ணக் கை வைத்தால், அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேள். நான் துணி துவைக்கிறது என்றே நினைத்துவிட்டேன்.

காயலான் கடைக்குப் போட்ட அந்தப் பெரிய பேரிங் பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் கிடந்தது. திருப்பிப் போட முடியுமா என்று பார்த்தேன். போட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி விழுவாள். கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். சும்மா சுற்றினேன். கர்ர்ர் என்றது. ஒரு கம்பித்துண்டில் அதை மாட்டி, கம்பியின் நுனியைக் காலி பிஸ்கட் டின்னின் மேல் ஊன்றிக்கொண்டு மறுபடி சுற்றினேன். டின் அதிர்ந்து அந்த உறுமல் அப்படியே வந்தது, சின்னதாக. வாசற்படியில் நின்றிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் கையை நிறுத்தவில்லை. மெல்ல உள்ளே வந்தாள், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டு விட்டுப்போகும் வரைக்கும் சுற்றிவிட்டு நிறுத்தினேன்.

"ஆயிடுச்சு போல, பாருங்க. துணிய எடுத்து ஒணத்தணும்" என்றாள்.

நல்ல வேளை, காலையில் நான் போட்ட துணி உள்ளே இருந்தது.

அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. மிஷின் பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஓடுகிறது, நான் அதன் பின்னால் கீழே உட்கார்ந்து பேரிங்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கோமளா ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, கிண்டல் எதுவும் பண்ணாமல் போய்விட்டாள். சில நாள் நான் எவ்வளவு சுற்றினாலும் அம்மா திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நாட்களில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு நாளில்தான் வாசற்படியில் நின்று ஊட்டுக்கு ஊட்டுக்கு என்று அவள் அழுததை நீ போனில் பார்த்தாய், அவளை அழைத்துப் போவதென்று மறுபடியும் முடிவு பண்ணினாய். என்னிடம் ஸ்பேனர் இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது, இதற்கு ஒன்றும் உதவவில்லை. அந்த பேரிங்கும் நாளுக்கு நாள் துருவாக உதிர்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடும். வாழ்நாள் முழுக்க எண்ணெய் போட்டே பிழைத்தவன், இதை உலரவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வா. அம்மாவை அழைத்துப் போவதானால் போ, தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இங்கே நின்று அழுகிறவள் அங்கே நின்று அழப் போகிறாள், அங்கே அவளைப் பிடிக்க உறுதியான கை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உன் வீட்டில் இடம் இருக்கிறது என்று சொன்னாய். அது அம்மாவுக்கா, எனக்கும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. நான் வந்தால் நானே சுற்றுகிறேன். வராவிட்டால் நீதான் சுற்ற வேண்டும், அதனால் கேட்டுக்கொள். அவள் புடவைகளோடு பிஸ்கட் டின்னையும் எடுத்து வைத்திருக்கிறேன், கம்பி, பேரிங் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். முதலில் மெதுவாக, துணி ஈரப் பாரத்தோடு புரளுகிறதைப் போலச் சுற்று, பிறகு வேகம் கொடு, திரும்ப மெதுவாக்கி நிறுத்து. நிறுத்தினால்தான் எழுந்து வருவாள். உன் வீட்டு மிஷினுக்குள் துணி இருக்கும்படி பார்த்துக்கொள், வெறும் டிரம்மைத் திறந்து பார்த்தால் பயந்துவிடுவாள். துரு உன் கையில் ஒட்டும், கழுவினால் போய்விடும். எண்ணெய் மட்டும் போட்டுவிடாதே.

அப்பா